டிக்கிக்குப் பக்கத்தில் நின்றவர்கள்

குடித்தவரை அவருடைய சொந்தக் காரிலேயே வீட்டில் கொண்டுபோய் விடுவது என் தொழில். இந்தத் தொழிலின் முதல் விதி, அவர் குடித்திருக்கிறார் என்பது நமக்குத் தெரிந்ததாகவே காட்டிக்கொள்ளக் கூடாது. நான் அவர்களுடைய காரை ஓட்டுவேன். என் கூட்டாளி செந்தில் எங்கள் சின்னக் காரில் பின்னால் வந்து என்னைத் திருப்பி ஏற்றிக்கொள்வார். நான் மன்னார், அவர் திருச்சி. நான் 'ஓம்' என்றால் அவர் 'ஆமா' என்பார். குடிகாரர் விஷயத்தில் மட்டும் இரண்டு பேருக்கும் ஒரே பாஷை.

இரவுத் தொழில் என்று நினைக்காதீர்கள். எங்களுக்குப் பிழைப்பே சனிக்கிழமை மத்தியானம்தான், பிள்ளைகளின் பிறந்தநாளிலும் பூப்புனித நீராட்டு விழாவிலும் தேவாலயத்தில் பிள்ளைகள் நற்கருணை வாங்கும் முதல் நன்மை விருந்திலும்.

ஜாக்கெட் எடுக்கப் போனவர்கள்

நியூசிலாந்தில், ஆக்லாந்து நகரத்து ஒடாஹுஹுவில் எங்கள் ஆட்கள் வழக்கமாக எடுக்கும் மண்டபத்தின் வாசலில், மது கூடாது என்று பெரிய பலகை இருக்கிறது. எல்லாரும் அதை மதிக்கிறார்கள். உள்ளே ஒரு சொட்டு இருக்காது. உள்ளே ரோல்ஸ், கேக், மைக் பிடித்து உயிரை வாங்கும் ஒரு அறிவிப்பாளர். வெளியே கார் நிறுத்துமிடத்தின் கடைசி மூலையில் ஒரு காரின் டிக்கி திறந்திருக்கும். அதுதான் கடை.

அங்கே போக ஒரு சாட்டு வேண்டும். "பிள்ளைக்குக் குளிர் ஜாக்கெட் எடுத்துக்கொண்டு வாறன்" என்பார்கள். மாசி மாதத்து வெயிலில் பிள்ளைகள் வேர்த்து வழிந்து ஓடிக்கொண்டிருக்கும். தகப்பன்மார் வரிசையாக ஜாக்கெட் எடுக்கப் போவார்கள். திரும்பி வரும்போது கையில் கடதாசிக் கப் இருக்கும், கோக் நிறத்தில் ஏதோ இருக்கும், ஜாக்கெட் மட்டும் இருக்காது. நீங்களும் ஒருநாள் அப்படிப் போனவர்தான், அல்லது போனவருக்காக உள்ளே காத்திருந்தவர்தான். என்னிடம் மறைக்க வேண்டாம். முதல் வாடிக்கையாளர் கால் தள்ளாடி, கதவுக்குப் பதிலாகக் கண்ணாடியைப் பிடித்துத் திறக்கப் பார்த்தபடி என்னிடம் சொன்னது:

"அக்கா, நான் குடிக்கேல்ல. டிக்கிக்குப் பக்கத்தில நிண்டனான், அவ்வளவுதான்."

குடிக்காதவனின் கார்

யாருடைய டிக்கி என்பது முக்கியமான கேள்வி. குடிப்பவர்கள் தங்கள் காரில் போத்தல் வைக்கமாட்டார்கள்; வீட்டுக்குப் போனதும் மனைவி டிக்கியைத் திறந்து பார்ப்பாள். ஆகவே குடிக்காதவன் ஒருவனின் கார் வேண்டும். அப்படி அகப்பட்டவன்தான் அமலன்.

அமலன் எங்கள் ஊர்ப் பக்கத்துப் பெடியன். இங்கே பஸ் ஓட்ட வந்தவன். பஸ் ஓட்டுகிறவனின் மூச்சில் வாசம் வந்தால் வேலை இல்லை. வேலை போனால் விசா இல்லை. விசா போனால் அவனும் மனைவி சுகந்தியும் மகள் நிஷாவும் பெட்டி கட்ட வேண்டியதுதான். இது ஆக்லாந்தில் உள்ள அத்தனை தமிழருக்கும் தெரியும். அதனால்தான் அவன் தொடமாட்டான், அதனால்தான் அவனுடைய டிக்கியை ஒருவரும் சந்தேகிக்கமாட்டார்கள். முடியாது என்று சொல்லிப் பார்க்கலாம்தான். சொன்னால் அடுத்த விழாவுக்கு அழைப்பு வராது. புதிதாக வந்த நாட்டில் அது சின்ன விஷயம் இல்லை. ஒரு நாள் சுகந்தி, மகளை மடியில் வைத்துக்கொண்டு மண்டபப் படியில் இருந்தாள். ஏன் உள்ளே போகவில்லை என்று கேட்டேன்.

"எங்கட காருக்குள்ள பிள்ளையின்ர ஸ்கூல் பாக் வைக்க இடமில்லை அக்கா. ஊராக்களின்ர போத்தலுக்கு மட்டும் இடமிருக்கு."

கிளென்ஃபீல்டில் சுற்றிச் சுற்றி

தமிழ்நாட்டுத் தம்பதி ஒன்று. அவர் கணினி வேலை, பின்சீட்டில் வாய் திறந்து தூங்குகிறார். மனைவி முன்சீட்டில் என் பக்கத்தில். கிளென்ஃபீல்டில் அவர்கள் வீட்டுத் தெரு வந்ததும், "இன்னும் ஒரு சுத்து போங்க அக்கா" என்றாள். போனேன். மறுபடியும் ஒரு சுற்று. அங்கிருந்த ஷாப்பிங் மாலைச் சுற்றியே காரை ஓட்டினேன். பின்னால் செந்தில் போன் எடுத்து, "அக்கா, வழி தெரியலையா?" என்று கேட்கிறார். அவள் கணவனை எழுப்பி வாயில் ஏலக்காயைத் திணித்தாள். தூறலில் இறக்கி நடக்கவும் வைத்தாள். வீட்டில் மாமியார் ஊரிலிருந்து வந்து நிற்கிறாராம்.

எனக்குப் பொறுமை போய்விட்டது. மகனின் லட்சணத்தைப் பெற்றவளும் பார்க்கட்டுமே, நீ ஏன் மூடி மறைக்கிறாய் என்று கேட்டுவிட்டேன். அவள் கண்ணாடியைத் துடைத்தபடி மெதுவாகச் சொன்னாள்:

"தெரிஞ்சா அத்தை மனசு ஒடஞ்சு ஊருக்குக் கெளம்பிடுவாங்க அக்கா. அவங்க இருக்கறவரைக்கும்தான் இவர் என்மேல கை வைக்காம இருக்கார்."

வேலிக்குள் பியர்

அந்தப் பெண்ணிடம் என் சொந்த நம்பரைக் கொடுத்திருக்கிறேன். எந்த நேரமும் கோல் எடு என்று சொல்லியிருக்கிறேன். இதுவரை எடுக்கவில்லை. போன் அடிக்கும் ஒவ்வொரு தடவையும் அவளாக இருக்குமோ என்று முதல் மணியிலேயே எடுத்துவிடுவேன்.

ஒடாஹுஹு மண்டபத்தைப் பார்த்துக்கொள்கிறவர் பாப் என்ற வெள்ளைக்காரக் கிழவர். சிடுமூஞ்சி. எங்கள் ஆட்கள் எறிந்த கப்புகளை இடுக்கியால் பொறுக்கிக்கொண்டு வந்தார். நான் வெட்கப்பட்டு மன்னிப்புக் கேட்டேன். இது ஒன்றும் புதிதில்லை என்றார். அவருடைய தகப்பன் காலத்தில் நடன மண்டபங்களுக்குக் கிட்டக் குடிப்பதே சட்டப்படி குற்றமாம். மதுக்கடைகளும் ஆறு மணிக்கே பூட்டிவிடுமாம். அதனால் ஆண்கள் பியரைச் செடி வேலிக்குள் ஒளித்துவைத்துவிட்டு, காற்று வாங்கப் போகிறோம் என்று சொல்லி ஒவ்வொருவராக வெளியே வருவார்களாம். பெண்கள் உள்ளே சுவரோரம் இருப்பார்களாம். எனக்குச் சிரிப்பு வந்தது. அப்படியென்றால் நீங்களும் நாங்களும் ஒன்றுதான் என்றேன். அவர் சிரிக்கவில்லை. ஆங்கிலத்தில் சொன்னதன் தமிழ் இது:

"ஒன்று இல்லை. வேலிக்குச் சில்லு கிடையாது, அது உருளாது."

ராஜனுக்காக ஒன்று

ராஜன் செத்துப்போனார். ஐம்பதைத் தொடாத மனுஷன். அமலனுக்கு இந்த ஊரில் முதல் கூட்டாளி அவர்தான். பஸ் வேலைக்கு விண்ணப்பம் போடக் கற்றுக்கொடுத்ததும், வந்த புதிதில் வீட்டில் வைத்துச் சோறு போட்டதும் அவர். ஈரல் கரைந்து செத்தார். மாரடைப்பு என்று அறிவித்தார்கள். எல்லாரும் தலையை ஆட்டி, மாரடைப்பு என்றே சொன்னார்கள்.

அடக்கம் முடிந்து அதே மண்டபத்தில் சாப்பாடு. கார் நிறுத்துமிடத்தில் அதே டிக்கி. யாரோ ஒரு கப்பை அமலனின் கையில் வைத்து, "ராஜனுக்காக ஒண்டு, இண்டைக்கும் மாட்டன் எண்டு சொல்லாத" என்றார்கள். அவன் அழுதுகொண்டே குடித்தான். முதல் தடவை. நான் சாவியோடு சற்றுத் தள்ளி நின்று பார்த்தேன். அப்போது ராஜனின் மனைவி ஜன்னலைத் திறந்து என்னைக் கூப்பிட்டார்.

"தங்கச்சி, டிக்கியை மெல்லமாச் சாத்தச் சொல்லும். இருபது வருஷமா அந்தச் சத்தம் கேட்டு எனக்கு ஏலாமப் போச்சுது."

நிஷா பாடமாக்கிய வசனம்

அதன்பிறகு அமலன் என் வாடிக்கையாளர் ஆனான். சனி மட்டும்தான் அக்கா என்பான். ஞாயிறு லீவு, திங்கள் காலை வேலைக்குப் போகும்போது எல்லாம் இறங்கிவிடும் என்பான். திங்கள் வேலை முடிந்து அவன் திரும்பும்வரை சுகந்தியின் முகத்தில் ரத்தம் இருக்காது. வேலையிடத்தில் எப்போது ஊதச் சொல்வார்கள் என்று தெரியாதே! ரானுயியில் அவர்கள் வாடகை வீட்டுக்குக் காரைக் கொண்டுபோனால், பக்கத்து வீட்டில் அவனோடு பஸ் ஓட்டுகிற ஒருவர் இருப்பதால், அவன் தன் காலில் நேராக நடந்து உள்ளே போக வேண்டும். சுகந்தி ஒரு பக்கம் பிடிப்பாள். ஒன்பது வயது நிஷா மற்றப் பக்கம், விளையாட்டுப்போல அப்பாவின் கையைத் தோளில் போட்டுக்கொள்வாள்.

ஒரு தடவை காரில் நான் அவளிடம், "அப்பாக்கு என்னம்மா?" என்று சும்மா கேட்டேன். யாரும் கேட்கக்கூடிய கேள்விதான். ஆனால் அவளிடம் பதில் தயாராக இருந்தது. பள்ளிக்கூடத்தில் ஒப்புவிப்பதுபோல நிமிர்ந்து இருந்து சொன்னாள்:

"அப்பா இஸ் நொட் ட்ரங்க், ஆன்ட்டி. ஹி இஸ் ஜஸ்ட் டயர்ட்."

இரண்டு மீற்றர்

போன வருஷம் ஒரு முதல் நன்மை விருந்து. விருந்து கொடுத்தவர் யோகன். அன்று நன்மை வாங்கிய பிள்ளைகளில் நிஷாவும் ஒருத்தி. மத்தியானத்துக்குப் பிறகு அமலன் என்னைப் போனில் கூப்பிட்டான். நானும் செந்திலும் மோட்டர்வேயில் நெரிசலில் நின்றோம். வந்துகொண்டிருக்கிறோம், சாவியைத் தொடாதே என்றேன். ஓம் அக்கா என்றான்.

அந்த நேரம் பார்த்து மண்டபத்தில் மைக்கில் அவனுடைய கார் நம்பரை வாசித்திருக்கிறார்கள். ஒரு தாய் காய்ச்சல்காரக் குழந்தையோடு வெளியே போக முடியாமல் நிற்கிறாள், அவன் கார் மறிக்கிறது, எடுக்கச் சொல்லி. அவன் குடித்திருக்கிறான் என்று அங்கே நின்ற அத்தனை பேருக்கும் தெரியும். வேறு யார் எடுப்பது? அவர்களும் குடித்திருந்தார்கள். உள்ளே போய்க் குடிக்காத ஒரு பெண்ணைக் கூப்பிடலாம். கூப்பிட்டால் ஏன் என்று கேட்பாளே! "பின்னுக்கு ரெண்டு மீற்றர்தானே, டிக்கியையும் சாத்தாத, போத்தல் விழும்" என்று யோகனே சொல்லியிருக்கிறார். டிக்கி மூடி மேலே தூக்கிக்கொண்டு நிற்கிறது, பின்னால் ஒன்றும் தெரியாது. அமலன் பின்னுக்கு எடுத்தான். யோகனின் தம்பி கப்போடு அங்கேதான் நின்றார். கால் முறிந்தது.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அம்புலன்ஸ் நிற்கிறது, பொலிஸ் நிற்கிறது. கப்புகளை எல்லாம் யாரோ பொறுக்கிவிட்டார்கள். பாப் ஒரு நாளும் இவ்வளவு சுத்தமாக அந்த இடத்தைப் பார்த்திருக்கமாட்டார். போத்தல்கள் மட்டும் டிக்கியில். ஆண்கள் எல்லாரும் வரிசையாக, குனிந்து தங்கள் சப்பாத்தைப் பார்த்தபடி. யோகன் பொலிஸ்காரரிடம், "நோபடி ட்ரிங்கிங் ஹியர், சேர். ஹிஸ் கார், ஹிஸ் போட்டில்ஸ்" என்றார். பொய், இது எல்லாருடைய போத்தலும் என்று நான் கத்தினேன். "அவ இப்பதான் வந்தவ, அவவுக்கு ஒண்டும் தெரியாது" என்று யாரோ சொன்னார்கள். அமலன் ஒருவரையும் காட்டிக்கொடுக்கவில்லை. மிஷினில் ஊதினான். அப்போது வெள்ளைச் சட்டையும் பூமுடியுமாக நிஷா ஓடிவந்து பொலிஸ்காரரின் கையைப் பிடித்தாள். சுகந்தி தடுக்கப் போய், முடியாமல், நிலத்தில் இருந்துவிட்டாள். பிள்ளை தனக்குத் தெரிந்ததைத் தெளிவாகச் சொன்னது:

"ஹி இஸ் நொட் ட்ரங்க். ஹி இஸ் ஜஸ்ட் டயர்ட்."

அடுத்த டிக்கி

லைசென்ஸ் போனது. பஸ் போனது. அவற்றின் பின்னால் விசாவும் போனது. விமான நிலையத்துக்கு நான்தான் அவர்களை ஏற்றிக்கொண்டு போனேன். வழியனுப்ப வேறு ஒருவரும் வரவில்லை. செந்தில் வழக்கம்போல் பின்னால் வந்தார், பெட்டிகள் எங்கள் சின்னக் காரில். நிஷா ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். அமலன் நல்ல தெளிவோடு, சவரம் செய்து, பெல்ட் போட்டு என் பக்கத்தில் இருந்தான். இவ்வளவு நாளில் நான் அவனை ஏற்றிய ஒரே குடிக்காத பயணம் அது.

திரும்பி வரும்போது போன் அடித்தது. கிளென்ஃபீல்ட் பெண்ணோ என்று பதறி எடுத்தேன். யோகன். தம்பியின் கால் தேறிவிட்டதாம், நேர்த்திக்கடனுக்கு விருந்து வைக்கிறாராம், அதே மண்டபம்தானாம். வீட்டுக்கு ஏற்றிப்போக வரச் சொல்லத்தான் எடுக்கிறார் என்று நினைத்தேன்.

"அதுக்கில்லை அக்கா. உங்கட கார் டிக்கியை ஒருக்காத் தருவீங்களே? நீங்கள்தான் குடிக்கிறேல்லையே, ஒருத்தரும் சந்தேகப்படமாட்டினம்."

இந்தத் தொழிலில் நான் எல்லாக் குடிகாரரையும் அவரவர் வீட்டு வாசலில்தான் இறக்கிவிட்டிருக்கிறேன். அமலனை மட்டும் ஊரெல்லாம் சேர்ந்து விமான நிலையத்தில் இறக்கிவிட்டோம்.