பெரிய சிஸ்டரின் கையெழுத்து

வயது நாற்பத்தாறு, தலையில் பாதி நரை. ஆனாலும் அந்தப் பன்னிரண்டு படுக்கை ஆஸ்பத்திரியில் அவள் இன்றுவரை சின்ன சிஸ்டர்தான். பெரிய சிஸ்டர் என்று ஒருவர் இருக்கும்வரை இவள் எப்படிப் பெரியவளாவது? இருவருக்கும் ஒன்பது வயதுதான் வித்தியாசம். இன்னொரு வித்தியாசம் வரவேற்பறைச் சுவரில் தொங்கியது: பெரிய சிஸ்டரின் நர்ஸிங் சான்றிதழ், கண்ணாடி போட்டு, பதிவு எண்ணோடு.

சின்ன சிஸ்டர் எந்தக் கல்லூரிக்கும் போனவளில்லை. தரை துடைக்கவும் படுக்கை விரிப்பு மாற்றவும் வந்தவள். ஆள் இல்லாத ஒரு நாளில் டிரிப் பாட்டிலைப் பிடிக்கச் சொன்னார்கள், பிடித்தாள். ஊசி போடச் சொல்லிக் கொடுத்தார்கள், போட்டாள். அப்படியே பத்தொன்பது வருஷம் ஓடிவிட்டது. நரம்பு கிடைக்காமல் டாக்டரே உதட்டைப் பிதுக்கிய கைகளில்கூட இவள் விரலால் தடவிப் பார்த்து ஒரே குத்தில் ஏற்றிவிடுவாள். "அந்த சிஸ்டர் எப்ப வருவாங்க?" என்று விசாரித்துக்கொண்டு வருகிற நோயாளிகள் உண்டு.

எல்லாம் சரி, கேஸ் ஷீட்டில் கையெழுத்து வேண்டுமே. எண் இல்லாதவள் கையெழுத்துப் போட்டால் சோதனைக்கு வருகிறவர்கள் குடைவார்கள். டாக்டர் அதற்கும் ஒரு வைத்தியம் வைத்திருந்தார். "ஊசிய நீ போடு. கையெழுத்த மட்டும் அவங்களோடதா போட்டுடு."

பெரிய சிஸ்டர் சிரித்துக்கொண்டே ஒரு தாளில் போட்டுக் காட்டினார். "வாலை நல்லா இழுத்து விடுடி. இல்லைன்னா என்னோடதுன்னு நானே நம்பமாட்டேன்."

ஒரே வாரத்தில் கை பழகிவிட்டது. எது யார் போட்டது என்று பிறகு அவர்களுக்கே தெரியவில்லை. பேனா இரவல் கொடுப்பதைப் போலத்தான் எல்லோரும் அதை நினைத்தார்கள், யாருக்கும் உறுத்தவில்லை.

இந்த வருஷம் சட்டம் வந்தது. பதிவு எண் இல்லாதவர் நோயாளியைத் தொடக் கூடாது. தொட்டால், வேலைக்கு வைத்தவருக்கு அபராதம், ஆஸ்பத்திரிக்குப் பூட்டு. சட்டம் எழுதியவர்களுக்குக் கொஞ்சம் மனசும் இருந்திருக்கிறது. பத்து வருஷம் வேலை பார்த்ததற்கு ஆஸ்பத்திரியின் ஆதாரம் காட்டினால் ஒரு பரீட்சை வைத்து எண் கொடுப்பார்களாம். விண்ணப்பிக்க மாதக் கடைசிவரை நேரம்.

சின்ன சிஸ்டர் டாக்டரிடம் போய் நின்றாள். அவர் மேசைக் கண்ணாடியைப் பார்த்தே பேசினார்.

"வக்கீல்கிட்ட கேட்டுட்டேன்மா. நீ இங்க நர்ஸ் வேலை பார்த்தேன்னு நான் எழுதிக் குடுத்தா, பத்தொன்பது வருஷமா சட்டத்த மீறினேன்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும். சம்பளப் பட்டியல்ல நீ துப்புரவு உதவியாளர். அப்படியே இருந்துக்கோயேன். உன்னை யாரு போகச் சொன்னா?"

துடைப்பம் பிடிக்க அவளுக்கு வெட்கமில்லை, அதைப் பிடித்துக்கொண்டுதான் உள்ளே வந்தாள். ஆனால் பக்கத்தில் யாரோ நரம்பு தேடித் திணறும்போது கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டுமே, அதுதான் அவளால் முடியாது. போதாததற்குக் கணவர் போய்ச் சேர்ந்து ஆறு வருஷம் ஆகிறது, மகள் பன்னிரண்டாவது படிக்கிறாள். வீட்டில் சம்பாதிக்கிற கை இவளுடையது ஒன்றுதான்.

மூன்று நாள் சாப்பாட்டு நேரத்தில் பழைய பதிவேடுகள் கிடக்கும் மாடிப்படி அடி அறைக்குள் புகுந்தாள். கட்டுக் கட்டாகக் கேஸ் ஷீட்டுகள். காய்ச்சல், பிபி, மருந்து கொடுத்த நேரம் எல்லாம் இவள் எழுதியவை. கீழே ஒவ்வொன்றிலும் பெரிய சிஸ்டரின் கையெழுத்து. ஒரு தாளிலாவது ஞாபகப்பிசகாகத் தன் பெயரை எழுதித் தொலைத்திருக்கக் கூடாதா என்று தேடினாள். இல்லை. அவ்வளவு கவனமாக வேலை பார்த்திருக்கிறாள், பாவி.

மூன்றாவது நாள் ஒரு கட்டைப் பிரித்ததும் அவள் கை நின்றது. அந்த இரண்டு வருஷமும் பெரிய சிஸ்டர் இங்கே இல்லவே இல்லை. கணவரோடு வெளிநாடு போயிருந்தார். "சான்றிதழ் சுவர்லயே இருக்கட்டும் டாக்டர், எங்க ஓடிப்போகுது" என்று சொல்லிவிட்டுத்தான் விமானம் ஏறினார். அந்த இரண்டு வருஷத் தாள்களிலும் தினம் தவறாமல் அவர் கையெழுத்து. கடலுக்கு அந்தப் பக்கம் இருந்தவர் காலை எட்டு மணிக்கு இங்கே வந்து பிபி பார்த்திருக்க முடியாது. சின்ன சிஸ்டருக்கு முதலில் சந்தோஷமாகத்தான் இருந்தது. மறு நிமிஷம், இது பெரிய சிஸ்டரை மாட்டிவிடுமே என்று தோன்றியது. அந்தக் கட்டிலிருந்து நான்கு தாள்களும் மற்ற வருஷங்களிலிருந்து ஒவ்வொன்றுமாக உருவிப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

கடைசி நாளன்று நர்ஸிங் கவுன்சில் அலுவலகத்தில் வரிசை மாடிப்படிவரை நின்றது. இவள் முறை வந்தபோது மணி மூன்றரை. கண்ணாடியைக் கயிறு கட்டிக் கழுத்தில் மாட்டியிருந்த ஓர் அதிகாரி அம்மாள் தாள்களைப் புரட்டினார்.

"இது வேற ஒருத்தங்க கையெழுத்துல்ல?"

"நான்தான் போட்டேன் மேடம்."

"அதுக்கு என்ன ஆதாரம்?"

சின்ன சிஸ்டர் பையை மடியோடு இழுத்துக்கொண்டாள். அதிகாரி பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் குரலைத் தணித்தார்.

"பயப்படாதீங்க. எண் இல்லாம வேலை வாங்கப்பட்டவங்க தானா வந்து உண்மையச் சொன்னா அவங்க மேல நடவடிக்கை கெடையாது, சட்டத்துலயே இருக்கு. எண்ண இரவல் குடுத்தவங்களுக்குத்தான் எண் பறிபோகும். இந்த சிஸ்டர் அப்ப எங்க இருந்தாங்க?"

இவள் மகள் பிறந்தபோது பிரசவ அறையில் குழந்தையை முதலில் கையில் வாங்கியவர் பெரிய சிஸ்டர். ஓய்வு பெற இன்னும் மூன்று வருஷம் இருக்கிறது. எண் போனால் வேலையும் போச்சு, மரியாதையும் போச்சு. சொல்லாமல் எழுந்து போய்விடலாம். போனால் நாளை முதல் வாளியும் துடைப்பமும். இவளுக்குக் கோபம் கோபமாக வந்தது, யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

"வெளிநாட்டுல இருந்தாங்க" என்றாள். "ரெண்டு வருஷம்."

"மத்த வருஷத்துத் தாள்லயும் இதே எழுத்துதான் இருக்கு. சரி, போதும்."

வாக்குமூலம் தட்டச்சாகி வந்தது. "இங்க ஒரு கையெழுத்து" என்று விரலால் காட்டினார்கள். சின்ன சிஸ்டர் சட்டென்று போட்டாள். அதிகாரி அதைப் பார்த்தார், கேஸ் ஷீட்டைப் பார்த்தார், இவளைப் பார்த்தார்.

"என்னம்மா இது?"

குனிந்து பார்த்தாள். பெரிய சிஸ்டரை மாட்டிவிடுகிற காகிதத்தின் அடியில் பெரிய சிஸ்டரின் கையெழுத்து, வால் நன்றாக இழுத்துவிடப்பட்டு.

"பழக்க தோஷம் மேடம்."

"இதைவிடவா ஆதாரம் வேணும்?" என்று அதிகாரி முணுமுணுத்துக்கொண்டு அந்தத் தாளையும் கோப்பிலேயே சேர்த்தார். இன்னொரு பிரதி வந்தது. இந்த முறை சின்ன சிஸ்டர் தன் பெயரை எழுத்துக் கூட்டி, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி எழுதினாள். எழுதி முடிக்க நேரம் பிடித்தது. நடுவில் நிறுத்தியிருக்கலாம், நிறுத்தவில்லை.

"பரீட்சைத் தேதி தபால்ல வரும். அவங்களுக்கு நோட்டீஸ் ஒரு வாரத்துல போயிடும்" என்று சொல்லி ரசீதைக் கொடுத்தார்கள்.

படியில் இறங்கும்போதே பையில் போன் அடித்தது.

"என்னடி ஆச்சு? காலையிலேருந்து எனக்கு வேலையே ஓடல. வாங்கிக்கிட்டாங்களா?"

"வாங்கிக்கிட்டாங்கக்கா."

"அப்பாடா! என் வயித்துல பாலை வார்த்தே. ஆமா, ஆதாரத்துக்கு என்னடி பண்ணினே? டாக்டர் மனசு மாறிட்டாரா?"

சின்ன சிஸ்டர் படியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள். பின்னால் வந்தவர்கள் விலகி இறங்கிப் போனார்கள்.

"அக்கா, டியூட்டி முடிஞ்சதும் கிளம்பிடாதீங்க. நான் நேரா அங்கதான் வரேன். லெட்டர் வர்றதுக்கு முன்னாடி நானே சொல்லிடணும்."

"என்ன லெட்டர்டி?" என்றார் பெரிய சிஸ்டர், இன்னும் அதே சந்தோஷத்தோடு. "உனக்கு வர வேண்டிய லெட்டரா?"