பாய் சாப்பிடாத மருந்து

நோய்க்குக் காரணம் தேடும் தொழிலில் முப்பது வருஷம் இருந்தும், பாதி நாள் நான் தப்பான இடத்தில்தான் தேடுகிறேன். உங்களில் வைத்தியம் பார்க்கிறவர்களுக்கு இது புதிதாக இருக்காது.

நீலக் குழாய்

கடப்பாக்கத்தில் கருவாட்டு வியாபாரம் செய்யும் காசிம் பாய் செங்கல்பட்டுக்கு பஸ் ஏறி, கையில் தண்ணீர்ச் செம்போடு வந்தார். ஓயாத தாகம், மணிக்கொரு தரம் சிறுநீர், மலச்சிக்கல், சோர்வு. சர்க்கரை வியாதி என்று எழுதியே விட்டேன். கம்பவுண்டர் முருகேசன் சிறுநீரை நீலக் கரைசலில் காய்ச்சி, குழாயைத் தூக்கிக் காட்டினார். நிறம் மாறவில்லை.

"சர்க்கரையும் இல்ல, வெல்லமும் இல்ல சார். எழுதினத அடிச்சிடுங்க."

சென்னைச் சீட்டு

முன்பு சிறுநீரில் கல் இறங்கியதாக பாய் சொன்னார். அதனால் ரத்தத்தில் கால்சியம், அதாவது சுண்ணாம்புச் சத்து, கூடியிருக்குமோ என்று சந்தேகம். அதைப் பார்க்க இங்கே வசதியில்லை. ரத்தத்தை ரயிலில் சென்னைக்கு அனுப்பி ஒரு வாரம் காத்திருந்தேன். மிக அதிகம் என்று சீட்டு வந்தது.

எலும்புக்குப் பரவிய புற்றாக இருக்கலாம். எக்ஸ்ரே படத்தில் அது இல்லை. "வேறு ஏதாவது மருந்து சாப்பிடுறீங்களா?" என்றேன். இல்லை என்றார். மிச்சம், ரத்தத்தில் சுண்ணாம்பின் அளவை ஆளும் கழுத்துச் சுரப்பியில் கட்டி. கைக்கு எதுவும் தட்டுப்படவில்லை. இருந்தும் அறுவைக்குக் கடிதம் எழுதினேன். போன வருஷம் இதேபோல் ஒரு விவசாயியை அனுப்பினேன். கழுத்தைத் திறந்து, ஒன்றும் காணாமல், தையலோடு திருப்பி அனுப்பினார்கள்.

பாய் கழுத்தைத் தடவிக்கொண்டார்.

"அங்கதான் கீதுன்னு தெரிஞ்சி அறுக்கிறாங்களா டாக்டர், இல்ல தேடிப் பாக்க அறுக்கிறாங்களா?"

தகர டப்பா

கடிதம் வாங்க மனைவியோடு வந்தார். பேச்சுக்கு நடுவே மடியிலிருந்து ஒரு டப்பாவை எடுத்து, வெள்ளைப் பொடியை வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தார். என்ன அது என்றேன். மனைவி முந்திக்கொண்டார். "சோடா உப்பும் கிளிஞ்சல் சுண்ணாம்பும். வயித்தெரிச்சல்னு ரெண்டு வருஷமா இத்தத் துன்னுகினு, நாள் பூரா பாலா குடிச்சிகினு கீறாரு. வூட்ல கொழந்தைக்குப் பாலு மிஞ்சறதில்ல."

ரத்தத்தில் ஏறிய சுண்ணாம்பு அந்தப் பொடியிலும் பாலிலும் இருந்து வந்ததுதான். கடிதத்தைக் கிழித்தேன். டப்பாவையும் பாலையும் நிறுத்தியதும் மூன்று வாரத்தில் தாகம் போனது, ரத்தமும் சரியானது. மருந்து சாப்பிடவில்லை என்றீர்களே என்று கேட்டபோது பாய்க்குக் கோபமே வந்துவிட்டது.

"அது சமையக்கட்டு சாமான், டாக்டர். மருந்துன்னா நீங்க குடுக்கிறதுதானே?"

இப்போதெல்லாம் மருந்து என்ற சொல்லை விட்டு, வாயில் என்னென்ன போடுகிறீர்கள் என்றுதான் எல்லோரிடமும் கேட்கிறேன். கழுத்தில் தையலோடு திரும்பிய அந்த விவசாயியிடம் மட்டும் கேட்க இன்னும் துணிவில்லை.