கருப்பைச் சுவருக்கு ஓர் ஊசி

மூன்றாவது கருவும் கலைந்தபோது எனக்கு அழுகை வரவில்லை, அலுப்புதான் வந்தது. சாரம் கிராமத்திலிருந்து மில்லுக்கு நடந்து போய், நாள் முழுக்க நூல் பிரிவில் நின்று, திரும்பி வந்து சோறு வடிக்கிற உடம்பு. பிரெஞ்சுக்காரர்கள் கொடியை இறக்கிக்கொண்டு போய்ச் சில வருடங்கள் ஆகியிருந்தன.

"குடத்தத் தூக்காதன்னு சொன்னேன், கேட்டாளா?" என்று மாமியார் தெருவுக்கே கேட்கும்படி சொல்வாள். நானும் அப்படித்தான் நம்பினேன்.

நான்காவது முறை நாள் தள்ளிப்போனதை யாரிடமும் சொல்லவில்லை. ஒரு காலையில் சேலையில் ரத்தக் கறை தெரிந்ததும் கணவரிடம் சொன்னேன். அவர் என்னைச் சைக்கிளில் உட்காரவைத்து, குழி வந்த இடமெல்லாம் இறங்கித் தள்ளிக்கொண்டு, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார்.

குடத்தைப் பற்றி நான் சொன்னதைக் கேட்டு வயதான டாக்டரம்மா பிரெஞ்சில் பேச, மாசேர் என்று எல்லோரும் கூப்பிடும் கன்னியாஸ்திரி தமிழில் சொன்னார்.

"முன்ன மூணும் கொடம் தூக்குனதால போகலம்மா. இது இன்னும் தங்கித்தான் இருக்குது. கர்ப்பப்பைக்கு உள்ள மெத்த மாதிரி ஒரு சுவர் இருக்குது. கருமுட்ட உண்டாவற சூல்பையிலேர்ந்து ஒரு சுரப்பு ரத்தத்துல வந்துக்கினே இருந்தாத்தான் அந்தச் சுவத்துல இருக்கற உயிரணுவுங்க உசுரோட இருக்கும். கொறஞ்சா செத்துடும், சுவர் உதிர்ந்துடும். மாசாமாசம் எல்லாருக்கும் நடக்கறது அதுதான். புள்ள தங்குன பெறவு நடக்கக்கூடாது."

அந்தச் சுரப்புக்கு ஹார்மோன் என்று பெயராம். அந்தச் சொல்லை அன்றுதான் கேட்டேன்.

"ஊசியில குடுத்தா நிக்குமா மாசேர்?"

டாக்டரம்மா கைகளை விரித்து ஏதோ சொன்னார். மாசேர் அதைத் தமிழில் சொன்னார்: "நிக்கலாமாம். ஒறுதி சொல்லமாட்டாங்களாம்."

ஊசி போட ஆரம்பித்தார்கள். எண்ணெயில் கரைத்த மருந்து, மெதுவாகத்தான் இறங்கும். ஊசி போட்ட இடம் கட்டிக்கொள்ளும். கணவர் உப்பை வறுத்துத் துணியில் முடிந்து ஒத்தடம் கொடுப்பார். ஒருக்களித்துப் படுத்தபடியே மாதங்கள் போயின. ஆசை வைக்கக்கூட எனக்குத் தெம்பில்லை.

டாக்டர் சொன்னதை மாமியாரிடம் ஒரு மத்தியானம் சொன்னேன். அரிசி புடைத்துக்கொண்டிருந்தவள் முறத்தைக் கீழே வைத்தாள்.

"எனக்கும் ரெண்டு போச்சு. கெணத்துல தண்ணி எறச்சதாலன்னு என் மாமியா சாவறவரைக்கும் சொன்னா." என்னை நிமிர்ந்து பார்த்தாள். "அப்ப அது இல்லியா?"

"இல்லியாம் அத்தை."

அவள் எழுந்து கொல்லைப் பக்கம் போனாள். வெகுநேரம் உள்ளே வரவில்லை. அதன்பின் என்னைக் குறை சொல்லி ஒரு வார்த்தை பேசவில்லை. அலுத்துக்கொண்டே தானே தண்ணீர் எடுத்து வந்தாள்.

பெண் குழந்தை பிறந்தது. மெலிந்திருந்தாள், ஆனால் நன்றாகக் கத்தினாள். ஊசியால்தான் தங்கியதா என்று கணவர் மாசேரிடம் கேட்டார். ஊசி இல்லாமலும் தங்கியிருக்கலாம், தெரியாது என்று டாக்டரம்மா சொன்னாராம். எனக்கு அதையெல்லாம் யோசிக்க முடியவில்லை. பால் கொடுக்க யாராவது எழுப்பும்வரை தூங்கினேன்.