வெறும் தண்ணீரில் தொடங்க வேண்டிய பாடம்

இரண்டு வருடங்களுக்கு முன்பு, பள்ளி விடுமுறை சமயத்தில், மலேசியாவின் கேமரன் மலையில் நடந்த சம்பவம் இது. இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு முதலில் வருவது கோபம்தான். அழுகை அதற்கப்புறம்தான் வருகிறது.

பேராக்கில் ஒரு விவசாயக் கல்லூரியில் நான் விரிவுரையாளர். பயிர்ப் பாதுகாப்பு என் பாடம். எங்கள் டிப்ளோமாவின் பாடத்திட்டத்தைச் சீர்திருத்த வேண்டும் என்று மேலிடத்து உத்தரவு வந்திருந்தது. கல்லூரியிலேயே உட்கார்ந்து செய்யக்கூடிய வேலைதான். ஆனால் குளிரான ஊரில் ஹோட்டல் எடுத்து, பட்டறை என்று பெயர் வைத்து, வேளாவேளைக்குச் சாப்பிட்டுக்கொண்டே செய்தால்தான் சீர்திருத்தம் சரியாக வரும் போலிருக்கிறது! பிரிஞ்சாங்கில் எங்களுக்கு அறை போட்டிருந்தார்கள்.

கூட்டத்தை நடத்தியவர் பாடத்திட்ட ஒருங்கிணைப்பாளர். தமிழர்தான். அதிர்ந்து பேச மாட்டார், எல்லோருக்கும் சிரித்த முகத்தோடு வணக்கம் சொல்வார். தொழில்முனைவு, டிஜிட்டல் விற்பனை என்று புதிய பாடங்கள் உள்ளே வந்தாக வேண்டும் என்றார். உள்ளே வர வேண்டுமென்றால் ஏதாவது வெளியே போக வேண்டும் அல்லவா? திரையில் தெரிந்த கட்டங்களில் மேலும் கீழும் போய்க்கொண்டிருந்த அம்புக்குறி, கடைசியில் என் செய்முறை வகுப்பின் மேல் வந்து நின்றது.

பூச்சிமருந்து அடிப்பதற்கான செய்முறை அது. முதுகில் பம்பை மாட்டிக்கொண்டு பிள்ளைகள் சரிவில் ஏறி இறங்குவார்கள். முதல் நாள் மருந்தையே கண்ணில் காட்ட மாட்டேன். வெறும் தண்ணீர்தான். மூடியில் கசிகிறதா, குழாயில் கசிகிறதா, தன் முதுகு நனைகிறதா என்று ஒவ்வொருவரும் கண்டுபிடிக்க வேண்டும். அப்புறம்தான் கையுறை, முகமூடி, மருந்து கலப்பது, மேலே பட்டுவிட்டால் எப்படிக் கழுவுவது, எல்லாம்.

கோவிட் நடமாட்டக் கட்டுப்பாடு இருந்த காலத்தில் வேறு வழியில்லாமல் இதைக் காணொளியாக்கினோம். கட்டுப்பாடு போனதும் நான் செய்முறைக்குத் திரும்பிவிட்டேன். ஆனால் ஒரு குழுவை மட்டும் என்னிடம் அனுப்பாமல், பரிசோதனை முயற்சி என்று காணொளியிலேயே வைத்துக்கொண்டார்கள். பார்க்க வேண்டியது, கேள்விகளுக்குச் சரியான விடையைத் தட்ட வேண்டியது, சான்றிதழை இறக்கிக்கொள்ள வேண்டியது. அவ்வளவுதான் படிப்பு.

"அந்த பேட்ச் ரிசல்ட்ட பாருங்க மேடம். ஒருத்தர்கூட ஃபெயில் இல்ல. நீங்க செய்முறை வச்சப்போ இப்படி வந்திச்சா?" என்று ஒருங்கிணைப்பாளர் கேட்டார்.

"செய்முறையில சில பேர் ஃபெயிலாவாங்க சார். பம்பு கசியறத கவனிக்காதவன நான் பாஸ் போட மாட்டேன். உங்க வீடியோவுக்கு அது தெரியுமா?" என்றேன்.

சிலர் சிரித்தார்கள். நான் என் பாடத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுகிறேன் என்று நினைத்திருக்கலாம். எதிர்த்துக் கை தூக்கியது நான் ஒருத்திதான். இனி எல்லோருக்கும் காணொளி மட்டும் போதும் என்று முடிவாகி, என் செய்முறை நேரம் திரையிலிருந்து அழிந்தது.

மத்தியானம் ஒரு தேயிலைத் தோட்டத்துக்குக் கூட்டிப் போனார்கள். நிகழ்ச்சி நிரலில் 'தொழில்துறையுடன் சந்திப்பு' என்று இருந்தது. உண்மையில் தேநீர் குடிப்பதும் படம் எடுப்பதும்தான். தோட்டத்தின் பெயர் வேண்டாம். சிறிய தோட்டம். கணக்கு வழக்கைப் பார்க்கும் கிராணி வாசலில் நின்று வரவேற்றார். பச்சைச் சரிவுக்கு முன்னால் எங்களை வரிசையாக நிறுத்திப் படம் எடுத்துக்கொண்டிருந்தபோது, கீழே இருந்து, ஆட்களை வேலை வாங்கும் கங்காணி மேல்மூச்சு வாங்க ஏறி வந்தார்.

"கிராணி! மருந்தடிச்சிட்டிருந்த புள்ள விழுந்துடிச்சு! வாயில நொரை மாதிரி வருது!"

நான் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு ஓடினேன். ஈர மண்ணில் வழுக்கி, செடிகளைப் பிடித்துக்கொண்டு இறங்கினேன். தேயிலை வரிசைகளுக்கு நடுவே பாதையில் ஒரு பெண் ஒருக்களித்துக் கிடந்தாள். பக்கத்தில் பம்பு. அவள் முகத்தைத் திருப்பிப் பார்த்தேன். எங்கள் கல்லூரிப் பிள்ளை. அந்தப் பரிசோதனைக் குழுவில் படித்துவிட்டு, தொழிற்பயிற்சிக்காக இந்தத் தோட்டத்துக்கு வந்தவள்.

அந்தக் குளிரில் அவளுக்கு வியர்த்துக் கொட்டியது. எச்சில் நிற்காமல் வழிந்தது. கண்ணின் பாப்பா ஊசிமுனை போல் சுருங்கிக் கிடந்தது. அவளுடைய டீ-சட்டை முதுகுப்பக்கம் முழுக்க நனைந்து, கிட்டே போனாலே மருந்து நெடி அடித்தது. நான் வருடக்கணக்கில் வகுப்பில் சொல்லித் தந்த அறிகுறிகள் எல்லாம் ஒரே உடம்பில் என் முன்னால் கிடந்தன.

யாரோ பால் வாங்கிவரச் சொன்னார்கள். "ஒண்ணும் குடுக்காதீங்க! சட்டைய கழட்டணும், சோப்பும் தண்ணியும் கொண்டாங்க!" என்று கத்தினேன். தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்து வீடுகளிலிருந்து பெண்கள் வாளிகளோடு ஓடி வந்தார்கள். ஓர் அக்கா, நான் கேட்டதும், சமையலறையிலிருந்து பிளாஸ்டிக் பைகளைக் கொண்டுவந்து என் கையிலும் தன் கையிலும் மாட்டிவிட்டார். இரண்டு பெண்கள் கைலிகளை விரித்துத் திரை போல் பிடித்துக்கொண்டார்கள். மலைத் தண்ணீர் ஐஸ் மாதிரி இருந்தது. அந்தப் பிள்ளை நடுங்க நடுங்க, முதுகையும் தலைமுடியையும் சோப்புப் போட்டுத் தேய்த்தோம். "கொஞ்சம் பொறுத்துக்கம்மா, கொஞ்சம் பொறுத்துக்க" என்று அந்த அக்கா சொல்லிக்கொண்டே இருந்தார். பிறகு தன் வீட்டுக் கம்பளியில் அவளைச் சுற்றிக் கொடுத்தார்.

ஆம்புலன்ஸ் கீழே இருந்து ஏறி வரும்வரை காத்திருக்கப் பயமாக இருந்தது. எங்கள் வேனிலேயே ஏற்றினோம். மருந்துப் புட்டியை ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டேன். எந்த மருந்து என்று டாக்டருக்குத் தெரிய வேண்டும்.

விடுமுறைக் கூட்டத்தில் பிரிஞ்சாங் ரோடு எப்படியிருக்கும் என்று போனவர்களுக்குத் தெரியும். காரும் பஸ்ஸும் அசையாமல் நின்றன. ஸ்ட்ராபெரி வாங்க நிற்கிறவர்கள் ஒரு பக்கம். அவள் மூச்சு என் மடியில் கரகரவென்று இழுத்தது. கங்காணி தன் மோட்டார் சைக்கிளில் எங்களுக்கு முன்னால் போய், ஹார்னில் கை வைத்தபடி, ஒவ்வொரு காராகத் தட்டி ஒதுக்கினார். எதிர்ப்பக்கம் புகுந்து போனோம். சிலர் திட்டினார்கள். தானா ராத்தா மருத்துவமனையில் பெயர்கூடக் கேட்காமல் உள்ளே எடுத்துப் போனார்கள். டாக்டர் புட்டியைப் பார்த்தார், கண்ணைப் பார்த்தார், உடனே ஊசி போட்டார்.

வெளியே நின்றிருந்த கங்காணியிடம் என் கோபத்தைக் கொட்டினேன். பயிற்சிக்கு வந்த பிள்ளையை எப்படித் தனியாக மருந்து அடிக்க விட்டீர்கள், அந்தப் பம்பை யாராவது பார்த்தீர்களா என்று கேட்டேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"தப்புதான் மேடம். ஆனா அந்தப் புள்ளதான் காலேஜ்ல பாஸ் பண்ண சர்டிபிகேட்ட போன்ல காட்டுச்சு. படிச்ச புள்ள, கோர்ஸ் எல்லாம் முடிச்சிருக்கு, பாத்துக்கும்னு விட்டுட்டோம்."

தோட்டத்தின் மேல் தப்பு இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அவர்கள் நம்பியது எங்கள் சான்றிதழை. பம்பைத் தொட்டே பார்க்காத பிள்ளைக்கு 'திறன் பெற்றவர்' என்று எழுதிக் கொடுத்தது நாங்கள்.

சாயங்காலம் அவளுக்கு நினைவு தெளிந்தது. பார்வை மங்கலாகத்தான் இருந்தது. என் குரலை அடையாளம் கண்டுகொண்டு கையைத் தேடிப் பிடித்தாள்.

"முதுகுல வழிஞ்சது வேர்வைன்னு நெனச்சேன் மேடம்," என்றாள். பிறகு, ஏதோ தப்புச் செய்துவிட்டவள் போல மெதுவாக, "அந்தப் பாடத்துல நான் ஃபுல் மார்க் மேடம்" என்றாள்.

அவள் அப்பா கோலா தெர்லாவில் காய்கறி லோரி ஓட்டுகிறவர். சேறு ஒட்டிய பூட்ஸோடு அப்படியே வந்திருந்தார். மகளைப் பார்த்துவிட்டு வெளியே வந்தவர் என்னை அடிப்பார், கத்துவார் என்று எதிர்பார்த்தேன். அப்படி ஏதாவது செய்திருந்தால் தேவலை.

"டீச்சர், இதெல்லாம் காலேஜ்ல கையில குடுத்துச் சொல்லித் தர மாட்டாங்களா?" என்று கேட்டார். குத்திக் காட்டுவதற்காக இல்லை. உண்மையிலேயே தெரியாமல் கேட்டார்.

நான் பதில் சொல்வதற்குள், பின்னால் வந்து சேர்ந்திருந்த ஒருங்கிணைப்பாளர் முந்திக்கொண்டார். "மாட்யூல்ல எல்லாம் தெளிவா இருக்குங்கய்யா. பொண்ணு அத முடிச்சிருக்கு."

"மாட்யூல்னா?"

"வீடியோங்க."

அப்பா அவரை ஒரு நிமிடம் பார்த்தார். மகளிடம் திரும்பிப் போய்விட்டார்.

அத்தோடு விட்டிருந்தால்கூட நான் பொறுத்திருப்பேனோ என்னவோ. நடைபாதையில் ஒருங்கிணைப்பாளர் என் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினார். "இத பெருசு பண்ணாதீங்க லா மேடம். இது எஸ்டேட் கவனக்குறைவு. நம்ம பாடத்திட்டத்தோட போட்டுக் குழப்பக் கூடாது. இன்னொண்ணு, புள்ளைக்குக் கொஞ்சம் சரியானதும் அவ அனுபவத்த ஒரு சின்ன வீடியோ எடுத்துக்கலாம். மாட்யூலுக்கு நல்லா இருக்கும். ஸ்டூடன்ஸ் மனசுல பதியும்."

என் வேலைக்காலத்தில் மேலதிகாரியிடம் குரல் உயர்த்தியதே இல்லை. அன்று ஆஸ்பத்திரி என்றும் பார்க்காமல், "வாய மூடுங்க சார்!" என்று கத்திவிட்டேன். தாதிகள் எட்டிப் பார்த்தார்கள். மூச்சு விடத் திணறி வந்த பிள்ளையைப் பார்த்ததும் இந்த மனிதருக்குத் தோன்றியது இன்னொரு காணொளியா?

மறுநாள் காலை கூட்டம் தொடங்குவதற்கு முன்பு, திரிங்காப்பில் ஒரு இரும்புக் கடைக்குப் போய்ப் புதுப் பம்பு ஒன்றை வாங்கி வந்தேன். மூடிக்குள் இருக்கும் ரப்பர் வளையத்தை எடுத்துவிட்டு, ஹோட்டல் குழாயில் தண்ணீர் பிடித்துக் கூட்ட மேசை மேல் கொண்டுபோய் வைத்தேன். "சார், நீங்க அந்த வீடியோவ பல தடவ பாத்திருப்பீங்க. இத மாட்டிக்கிட்டு ஹோட்டல் தோட்டத்துல ஒரு சுத்து மட்டும் அடிச்சிட்டு வாங்க. நான் வேற ஒண்ணும் கேக்கல," என்றேன்.

அவர் விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தார். எல்லோரும் பார்க்கிறார்களே என்று மாட்டிக்கொண்டார். மூடியைத் திறந்து பார்க்கவில்லை. பம்பைச் சாய்த்துப் பார்க்கவில்லை. ஹோட்டல் பின்னாலிருந்த பூச்செடிச் சரிவில் ஏறி, செடிகளுக்குத் தெளித்து, சிலர் படம் எடுக்க, உற்சாகமாகத் திரும்பி வந்தார். அவர் பாத்திக் சட்டையின் முதுகு இடுப்புவரை ஒட்டிக் கிடந்தது.

"முதுகத் தொட்டுப் பாருங்க சார்."

தொட்டுப் பார்த்தார். "குளிர்ல தெரியவே இல்லையே," என்றார். சிரிப்பு நின்றுவிட்டது. "தண்ணிதானே மேடம்," என்று பிறகு சேர்த்துக்கொண்டார்.

"இன்னிக்குத் தண்ணி," என்றேன். அதற்கு மேல் பேசினால் அழுதுவிடுவேன் என்று உட்கார்ந்துவிட்டேன்.

எப்போதும் வாய் திறக்காத ஒரு மலாய்க்கார அம்மா, மண்ணியல் பாடம் எடுப்பவர், "அந்தச் செய்முறையைத் திரும்பச் சேர்த்துவிடுங்கள்" என்று மலாயில் சொன்னார். முந்தின நாள் எனக்கு எதிராகக் கை தூக்கியவர்தான். வேறு சிலரும் தலையாட்டினார்கள்.

கதை இங்கே நல்லபடியாக முடிந்தது என்று சொல்ல ஆசைதான். முழுதாகத் திரும்பவில்லை. பேரம் பேசிப் பேசி, பாதி நேரம் கொடுத்தார்கள். மீதி இன்னும் காணொளிதான். ஒருங்கிணைப்பாளருக்குப் பதவி உயர்ந்தது. அதே காணொளிப் பாடத்தை ஒரு கருத்தரங்கில் புதுமைக்கு உதாரணமாகக் காட்டினார் என்று கேள்விப்பட்டேன். அடுத்த பாடத்திட்டக் குழுவில் என் பெயர் இல்லை.

அந்தப் பிள்ளை பிழைத்தாள். பார்வை தெளியக் கொஞ்ச நாளானது. படிப்பை முடித்துவிட்டு இப்போது லெம்பா பெர்த்தாமில் ஒரு நாற்றுப் பண்ணையில் வேலை செய்கிறாள். மருந்துப் பம்பு இருக்கும் கொட்டகைப் பக்கம் போக மாட்டாளாம். அவள் குடும்பத்திடம் கல்லூரி சார்பில் இன்றுவரை யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை. நான் கேட்டேன். அவள் அப்பா, "நீங்க ஏன் டீச்சர்" என்றார். அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

பறிபோன பாதி நேரத்தை இப்போது சனிக்கிழமைகளில் நானே எடுத்துக்கொள்கிறேன். மதிப்பெண் கிடையாது, வருகைப் பதிவு கிடையாது. ஆனாலும் பிள்ளைகள் வருகிறார்கள், முதுகை நனைத்துக்கொண்டு போகிறார்கள். ஒரு பாடத்திலிருந்து ஒரு மணி நேரத்தை வெட்டும்போது, அது யாருடைய உடம்பில் போய் விழும் என்று கேட்காத எதையும் சீர்திருத்தம் என்று சொல்ல, அன்றிலிருந்து எனக்கு வாய் வருவதில்லை.