அண்ணன் படம்பிடித்த என் கல்யாணம்

என் பெரியண்ணன் தொலைக்காட்சியில் தயாரிப்பாளர். பாகான் டத்தோ பக்கத்து எஸ்டேட் லயத்து வரிசை வீட்டில் பிறந்து, கோலாலம்பூரில் குளிர்சாதன அறையில் போய் உட்கார்ந்தவர் எங்கள் குடும்பத்தில் அவர் ஒருவர்தான். அதற்காக எங்களை அவர் ஆட்டிவைத்தது கொஞ்சமில்லை. அம்மா காப்பி கொடுத்தால்கூட, "இந்தப் பக்கம் திரும்பிக் குடுங்கம்மா, முகத்துல வெளிச்சம் விழல" என்பார்.

எழுபதுகளின் கடைசியில் ஈப்போ கோயில் மண்டபத்தில் எனக்குக் கல்யாணம். தமிழர் திருமணம் பற்றி ஒரு நிகழ்ச்சி தயாரிக்க அண்ணனுக்கு அப்போதுதான் அனுமதி கிடைத்திருந்தது. தங்கச்சி கல்யாணம் கையில் இருக்கும்போது வேறெங்கே போவார்? காமிரா, விளக்குகள், ஆட்கள் என்று வந்து இறங்கிவிட்டார். விளக்குச் சூட்டில் என் பொட்டு வழிந்தது. ஹுத்தான் மெலிந்தாங்கிலிருந்து லோரியில் வந்த சொந்தக்காரர்களை, காமிராவைப் பார்க்கக்கூடாது என்று அதட்டினார். அவர்கள் பயந்துபோய்த் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மாப்பிள்ளை தாலியில் முதல் முடிச்சைப் போட்டார். மற்ற இரண்டையும் போட நாத்தனார் குனிந்தபோது அண்ணன் கத்தினார்: "நிறுத்துங்க! பிலிம் தீர்ந்துபோச்சு!"

மேளம் நின்றுவிட்டது. ஐயர் விழித்தார்.

"பிலிம மாத்திட்டு வாரோம். அத அவுத்துட்டு முதல்லேருந்து கட்டலாம்" என்றார் அண்ணன்.

என் மாமியார் எழுந்துவிட்டார். "கட்டின தாலிய அவுக்கிறதா? என்ன பேச்சுலா இது?"

"கொஞ்ச நேரந்தான் அத்தை. நாடே பார்க்கப்போவுது."

மணப்பெண் தலைகுனிந்து இருக்கவேண்டும் என்று சொல்லித்தான் என்னை உட்கார வைத்திருந்தார்கள். எனக்குப் பொறுக்கவில்லை. நிமிர்ந்தேன். "அண்ணே, ஒங்க படம் எப்படியோ போகட்டும். அக்கா, நீங்க முடிச்சப் போடுங்க."

நாத்தனார் வெடுக்கென்று இரண்டையும் போட்டார். யாரும் சொல்லாமலே கெட்டிமேளம் முழங்கியது. அண்ணன் பிலிமை மாற்றிக்கொண்டு நேரே பந்திக்குப் போய், சாப்பிட்டவர்களைப் படம்பிடித்தார்.

சில மாதம் கழித்து நிகழ்ச்சி ஒளிபரப்பானது. வாழையிலை வந்தது, ரசம் வந்தது, ரசத்தைக் கையில் ஏந்திக் குடித்த சித்தப்பா வந்தார். தாலி கட்டுவது வரவேயில்லை. நான் வந்தது ஒரே ஒரு தடவை, வியர்வையோடு முறைத்தபடி.

அந்தப் பந்திக் காட்சிதான் மேலதிகாரிகளுக்குப் பிடித்துப்போனதாம். எண்பதுகளில் அண்ணன் தமிழ்ப் பிரிவுக்கே பொறுப்பாளர் ஆனார். "எல்லாம் ஒன் கல்யாணத்தால வந்த வாழ்வு" என்று தீபாவளிக்குத் தீபாவளி சொல்வார். எனக்கு எரிச்சலாக வரும்.

சின்னத் தங்கச்சிக்கு மாப்பிள்ளை அமைந்ததும், "இந்தத் தடவை கலர்ல எடுத்துரலாம்" என்றார். அவள் பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, அதன் பிறகுதான் அவருக்குப் போன் பண்ணினாள்.