சும்மா இருக்கத் தெரியாத கை

பச்சை ஒயரை இடது கட்டைவிரல் அழுத்திப் பிடித்துக்கொள்ள, வலது கை அதை இரும்புச் சட்டத்துக்கு அடியில் விட்டு மேலே வாங்கியது. ஓர் இழுப்பு, ஒரு முறுக்கு, மறுபடியும் அடியில். பிய்ந்து தொங்கிய நாற்காலியின் இருக்கை கட்டம் கட்டமாகக் கூடி வந்துகொண்டிருந்தது. கைக்கு உரியவரோ முகத்தை வேறெங்கோ வைத்துக்கொண்டு, வரிசையில் பக்கத்தில் நின்றவரிடம் தேங்காய் விலையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க!"

ஜெராக்ஸ் எடுக்கப் போயிருந்த மனைவி கற்பகம் கணினி மையத்து வாசலில் நின்று போட்ட சத்தத்தில், கை அந்தரத்தில் நின்றது.

"நான் எங்க புள்ள பண்ணுனேன்? கை தானாப் போயிருச்சு."

பெரியமுத்துவுக்குச் சின்ன வயதில் அம்மை போட்டதில் பார்வை போனது. கேரள எல்லையில் எருத்தேன்பதியைச் சுற்றியுள்ள வீடுகளுக்குக் கயிற்றுக் கட்டில் பின்னிக் கொடுக்கிறார். பின்னும்போது வாய் ஓயாது. வாய் ஓய்ந்தால் கயிறு சிக்கிக்கொண்டது என்று வீட்டுக்காரர்கள் தெரிந்துகொள்வார்கள். கட்டில் முடிந்ததும் முதலில் அவர்தான் படுத்துப் பார்ப்பார். "கொறட்டை வந்தாத்தானுங்க பின்னல் சரியா வந்திருக்குன்னு அர்த்தம்" என்பார். சோதனை சில நாட்களில் சாயங்காலம் வரை நீண்டுவிடும்.

தேங்காய் நார்க் கயிறு அவருடைய விரல் நுனிகளை ரேகையே இல்லாமல் கூழாங்கல்லாகத் தேய்த்துவிட்டது. அதுதான் இப்போது வினை. ஊனமுற்றோர் பென்சன் வாங்குகிறவர்கள் வருடத்துக்கு ஒரு முறை மெஷினில் விரல் வைத்து, தாங்கள் உயிரோடு இருப்பதைக் காட்ட வேண்டும். மஸ்டரிங் என்பார்கள். காட்டாவிட்டால் பென்சன் நின்றுபோகும். வீட்டு அரிசியும் கற்பகத்தின் பிரஷர் மாத்திரையும் அதில்தான் வருகின்றன.

முதல் தடவை வந்தபோது, மையத்து மலையாளப் பெண் ஜிஸ்மி அவர் விரலைத் துடைத்துத் துடைத்து வைத்துப் பார்த்தாள். மெஷின் சிவப்பையே காட்டியது.

"விரல்ல ஒண்ணும் இல்லல்லோ சேட்டா!"

"இருந்ததெல்லாம் ஊராங்க கட்டில்ல கெடக்குதுங்க அம்மிணி. போயிப் பொறுக்கிட்டு வரட்டுங்களா?"

"சாரமில்ல. கண்ணு வெச்சும் நோக்காம்" என்று ஆறுதலாகச் சொல்லி, கண்ணைப் படமெடுக்கும் மெஷினை எடுத்த ஜிஸ்மி நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

பெரியமுத்து சிரித்த சிரிப்பில் வரிசை முழுவதும் சிரித்தது. "கண்ணு வேலை செஞ்சா நான் எதுக்குங்க அம்மிணி இந்த வரிசைல நிக்கறேன்?"

உயிரோடு இருப்பதாக ஒரு காகிதம் கேட்டுப் போன அலுவலகத்தில், அதைக் கொடுக்க வேண்டியவர் லீவு. "கிள்ளிப் பாருங்க சார், கத்தறேன்" என்று பெரியமுத்து கையை நீட்டினார். அங்கிருந்தவர் கிள்ளவுமில்லை, எழுதித் தரவுமில்லை.

கைக்குக் கொஞ்ச நாள் ஓய்வு கொடுத்தால் ரேகை எழும்பும் என்று ஜிஸ்மி சொன்னதை வைத்து, கற்பகம் கயிறு அத்தனையையும் பக்கத்து வீட்டுப் பரணில் ஏற்றினாள். காலையும் மாலையும் விரலுக்கு எண்ணெய் தடவினாள். ஆனால் அந்தக் கை சும்மா இருந்தால்தானே! துண்டின் ஓரத்தைப் பிரித்துப் பின்னியது. ஆட்டுக் கயிற்றை அவிழ்த்து இன்னும் தடிமனாக முறுக்கியது. ஒரு நாள் அசந்து உட்கார்ந்திருந்த கற்பகத்தின் கூந்தலை இரட்டைச் சடையாகப் பின்னிவிட்டது. அவளும் அதை மறந்து அப்படியே ரேஷன் கடைக்குப் போய்வந்தாள்.

இன்றைக்குக் கடைசி நாள். ஜிஸ்மி, இருக்கை பிய்ந்த தன் நாற்காலியை வெளியே தூக்கிப் போட்டுவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். காத்திருந்த பெரியமுத்துவின் கையில் அது தட்டுப்பட்டதுதான் தாமதம். இத்தனை நாள் ஓய்வும் எண்ணெயும் ஒயரோடு போயின.

"பெரியமுத்து!" ஜிஸ்மி கூப்பிட்டாள். நாற்காலியையும் இழுத்துக்கொண்டே அவர் உள்ளே போனார்.

கட்டைவிரல் சிவப்பு. ஆள்காட்டி விரலும் சிவப்பு. ஒவ்வொரு சிவப்புக்கும் கற்பகம் நெற்றியில் அடித்துக்கொண்டாள். "ஒரு மணி நேரம் பொறுத்திருக்கக் கூடாதுங்களா? நாற்காலி உங்களைக் கூப்புட்டுச்சுங்களா?"

எல்லாம் போக, வலது சுண்டுவிரல் மிஞ்சியது. பின்னும்போது மட்டும் அதை அவர் சீமான்கள் டீ கிளாஸ் பிடிக்கிற தோரணையில் தனியே தூக்கி வைத்துக்கொள்வார். எந்தக் கயிறும் அதைத் தொட்டதில்லை.

மெஷின் பச்சை காட்டியது.

"சரியாயி! சேட்டன் உயிரோட உண்டு!" ஜிஸ்மி ஸ்டூலை விட்டுக் குதித்தாள். வரிசை கைதட்டியது. யாரோ விசிலடித்தார்கள்.

"வேலை செய்யாம மேனாமினுக்கியாத் திரிஞ்சவனுங்க இவன்" என்று பெரியமுத்து அந்த விரலை ஆட்டிக் காட்டினார். "கடைசில சோறு போடறவன் இவந்தான், பாத்துக்கோங்க!"

கற்பகம் எட்டி அந்த விரலைப் பிடித்து முந்தானைக்குள் பொத்திக்கொண்டாள். "அடுத்த வருசத்துக்கும் வேணும். நான் உட மாட்டேனுங்க."

"கடைசி முடிச்சு கெடக்குது புள்ள."

அவள் விடவில்லை. வலது கை அவளிடம் இருக்க, பெரியமுத்து குனிந்து கடைசி ஒயரைப் பல்லால் கடித்து இழுத்து, இடது கையால் முடிச்சுப் போட்டார். இருக்கையை ஒரு தட்டுத் தட்டிப் பார்த்தார்.

"உக்கோருங்க அம்மிணி" என்று, முழங்காலால் நாற்காலியை ஜிஸ்மியின் பக்கம் தள்ளிவிட்டார்.