செல்லியம்மா திருப்பி வைத்த கதவு

1960 ஏப்ரலில் சத்தியவேடு ஆந்திரத்தோடு சேர்ந்தபோது ஊரில் ஆளாளுக்கு ஒரு கவலை. செல்லியம்மாவுக்கு ஒரே கவலைதான். கோவர்த்தனன் வீட்டுத் தெருக்கதவு யார் கைக்குப் போகப்போகிறது?

ஊரிலேயே பெரிய நிலக்காரர் கோவர்த்தனன். தெலுங்கில் மனு எழுதிக்கொண்டு காலம் தள்ள முடியாது என்று, மதராஸ் பக்கம் போய்விட்ட திருத்தணிக்கே குடும்பத்தோடு பெயர்ந்துவிட்டார். வீட்டை வாங்கிய பாலசுந்தரம், மரத்துக்காகவும் கல்லுக்காகவும் அதைப் பிரித்து விற்கிறவர். பிரிக்கிற வேலையில் செல்லியம்மா சித்தாள். அந்த வீட்டு வயலிலேயே இருபது வருஷம் நாற்று நட்டவள்.

"எனக்கு காசு வாணாம் சாமி, கூலிக்கு சாமானா குடு" என்றாள். பாலசுந்தரம் சந்தோஷமாகத் தலையாட்டினார்.

ரோட்டு முனையில் அவளுக்கு இரண்டு அறை மண்வீடு. மாடிப்படிக் கைப்பிடியைச் சுவரில் அறைந்து தட்டு செருகினாள். உடைந்த தூணின் அடிக்கல்லைக் கவிழ்த்துப்போட்டு அதன்மேல் தண்ணீர்க் குடத்தை ஏற்றினாள். சிவப்புக் கண்ணாடித் துண்டு அடுப்படிக் கிழக்குச் சுவருக்குப் போனது. காலையில் கேழ்வரகுக் களியெல்லாம் சிவப்பாகத் தெரிய, அவள் புருஷன் கங்கையா தின்ன யோசித்தான். எது எங்கே பொருந்தும் என்று அவள் யாரையும் கேட்டதில்லை. அவள் கண்ணுக்கே தெரியும்.

கடைசியாக வந்தது கதவு. இரட்டைக் கதவு, தேக்கு. ஒன்றில் ஒரு யானை, மற்றதில் ஒரு யானை. சாத்தினால்தான் இரண்டும் சேர்ந்து நடுச்சட்டத்து லட்சுமிக்குத் தண்ணீர் ஊற்றும். அந்த வேலைப்பாட்டில் ஒவ்வொரு இதழும் செல்லியம்மாவுக்கு மனப்பாடம். கூலி நெல்லுக்கு அவள் போய் நிற்கும்போதெல்லாம் கோவர்த்தனன் மனைவி தாட்சாயணி, "அப்பறமா வாடி" என்று கதவைச் சாத்துவாள். சாத்திய கதவைப் பார்த்துக்கொண்டு நிற்க அவளுக்கு நேரம் நிறையவே கிடைத்தது.

ஆசாரி செங்கல்வராயன் கதவைப் பொருத்திய மூன்றாம் நாள் முனிரத்தினம் வந்தார். கோவர்த்தனனின் பங்காளி, இப்போது ஊருக்குப் பெரியதனம் அவர்தான்.

"ஏமே செல்லியம்மா! ஜாத்திரையில கங்கம்மா இந்த வழியாதான் வருவா. அம்மன் கூட வர்ற நாங்க உன் ஊட்டு வாசல்ல லச்சுமிய பாத்து கும்புடணுமா? ஜாத்திரைக்குள்ள அது தெருவ பாத்துக்கினு நிக்கக் கூடாது. நின்னா, உங்க தெருவுல ஒருத்தரையும் அறுப்புக்குக் கூப்பிட மாட்டோம்."

அன்று பக்கத்து வீட்டுப் பெண்கள் வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள். அறுப்பு இல்லையென்றால் அடுப்பு இல்லை. கங்கையா, "கயட்டிப் போட்டுடும்மே" என்றான்.

அவள் கதவைச் சாத்திவிட்டு உள்ளே உட்கார்ந்தாள். உள்பக்கம் வெறும் பலகை, ஆணித்தலை, எண்ணெய்ப் பிசுக்கு. சொந்த வீட்டிலும் யானையைப் பார்க்க வெளியேதான் போய் நிற்க வேண்டும் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. பொத்துக்கொண்டு கோபம் வந்தது, முனிரத்தினத்தின் மேல் பாதி, தன் மேல் பாதி.

"ஆசாரி, நெலையோட பேத்து திருப்பி வை."

"பைத்தியமா உனக்கு? பூவேலைய எந்த ஊட்லயாவது உள்பக்கம் வைப்பாங்களா?"

"எங்க ஊட்ல வைப்பாங்க."

மறுபடி வந்த முனிரத்தினத்தின் முன்னால் மொட்டைப் பலகை நின்றது. "லச்சுமி எங்க? செதுக்கி எடுத்துட்டியா?"

"உள்ளதான் கீறா நைனா. நீ சொன்னாப்போல தெருவ பாக்கல. சந்தேகமா இருந்தா உள்ள வந்து பாரு."

அந்தத் தெருவில் ஒரு வீட்டுப் படியும் ஏறாத அவர் உள்ளே எப்படிப் போவார்? வந்த வழியே திரும்பினார். அறுப்புக்கு எல்லோருக்கும் வழக்கம்போலச் சொல்லி அனுப்பினார். செல்லியம்மாவின் தெரு அன்று வயிறு குலுங்கச் சிரித்தது.

ஜாத்திரைக்குத் திருத்தணியிலிருந்து தாட்சாயணி வந்திருந்தாள். அம்மன் ரோட்டு முனைக்கு வந்ததும் அவள் கூட்டத்தை விட்டு விலகி நேராக இந்த வாசலுக்கு வந்தாள்.

"எங்க ஊட்டுக் கதவு இங்கதான கீது?"

"அண்ணி, அங்க போவாதீங்க!" என்றார் முனிரத்தினம். அதற்குள் அவள் படியேறிவிட்டாள்.

செல்லியம்மா பாயைப் போட்டாள். தாட்சாயணி உட்கார்ந்து, திறந்திருந்த கதவை வெகுநேரம் பார்த்தாள்.

"கண்ணாலம் ஆயி வந்த அன்னிக்கு ஒரு தபா பாத்தது. அப்பறம் முப்பது வருஷம் உள்ளயே இருந்துட்டேன். நான் பாத்ததெல்லாம் பலகதான்டி" என்றாள்.

செல்லியம்மாவுக்கு அதுவரை அந்த நினைப்பே வந்ததில்லை.

"தொறந்துக்கினு இருந்தா ஆன ரெண்டும் பிரிஞ்சி நிக்கும்மா. சாத்தினாதான் முழுசா தெரியும்."

தாட்சாயணி எழுந்தாள். தெருவில் மேளத்துக்கு நடுவே முனிரத்தினம் பார்த்துக்கொண்டிருக்க, இரண்டு கதவையும் தன் கையால் உள்ளே இழுத்துச் சாத்தினாள்.